களம் மாறும் கால்கள்

நுழையும்முன்

பந்தை உதைக்கக் கற்றுக்கொண்ட சிற்றூரிலேயே ஒரு விளையாட்டு வீரர் இறுதிவரை ஆடுவதில்லை. பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து கழகத்திற்கும், ஒரு கழகத்திலிருந்து வேறொரு கழகத்திற்கும் அவர் இடம்பெயர்கிறார். இவ்விடப்பெயர்ச்சியின் முறைகள் யாவை? ஒருவர் களம் மாறும்போது அவருக்குள்ள உரிமை என்ன? அவரை வளர்த்தெடுத்தவர்களுக்குரிய பங்கு என்ன? மேல்நிலைக் கல்வியின் வாயிலில் நிற்கும் மாணவர்கள் இவ்வினாக்களுக்கு விடை அறிந்திருத்தல் நன்று.

கோட்டையின் நிழலில்

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், ரஞ்சன்குடிக் கோட்டை கருங்கல் மதில்களோடும் அகழியோடும் காட்சி தருகிறது. 1751ஆம் ஆண்டு இக்கோட்டைப் பகுதியில் நிகழ்ந்த வாலிகொண்டாப் போரில் முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயரும், சந்தா சாகிப்பின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்றனர். இன்று அக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அமைதியாக நிற்கிறது.

மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மண் இது. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் நிலமே இத்தகைய சிற்றூர்களில் மாலைநேர ஆடுகளமாகிறது. இரு கற்களை நட்டால் கோல் கம்பம். ஒரு பந்து இருந்தால் இருபதுபேர் கூடிவிடுவர். புல்வெளியும் காலணியும் பயிற்சியாளரும் இன்றித் தொடங்கும் இவ்வாட்டத்திலிருந்தும் திறன்மிக்க வீரர் ஒருவர் உருவாதல் உண்டு.

அத்தகைய மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறார். மாவட்டப் போட்டியில் அவரது ஆட்டத்தைக் கண்டவர்கள் மூன்று வாயில்களைத் திறந்து வைக்கின்றனர். ஒரு கல்லூரி, கட்டணச் சலுகையுடன் இடம் தருவதாகக் கூறுகிறது. சென்னையிலுள்ள ஒரு கழகம், மாத ஊதியத்துடன் ஒப்பந்தம் தர முன்வருகிறது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அணியில் சேர்ந்தால் பின்னாளில் வேலை கிடைக்கலாம் என்று உறவினர் ஒருவர் அறிவுறுத்துகிறார். அம்மாணவர் எதனைத் தேர்ந்தெடுப்பார்? விடை காண்பதற்கு முன், ஒவ்வொரு வாயிலுக்கும் பின்னாலுள்ள முறைமைகளை அறிதல் வேண்டும்.

முதல் வாயில்: கல்லூரி அணி

கல்லூரிக் கால்பந்து தமிழகத்திற்குப் புதியதன்று. சென்னை இலயோலா கல்லூரி நடத்தும் பெர்ட்ரம் நினைவுப் போட்டிகள் போன்ற கல்லூரிகளுக்கிடையேயான ஆட்டங்கள் பல தலைமுறை மாணவர்களை வளர்த்துள்ளன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் 1982ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. கல்லூரிகளுக்கிடையே ஆட்டங்கள் நடைபெறும். அவற்றில் சிறந்து விளங்குவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு செய்யப்படுவர். பல்கலைக்கழக அணி தென்மண்டலப் போட்டியில் பங்கேற்கும். மண்டலங்களில் முன்னணி பெற்ற அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். படிப்படியாக அமைந்த இவ்வேணியில் ஏறுவதற்கு ஒரு மாணவருக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் கிடைக்கின்றன.

பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளை நெறிப்படுத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமாகும். 1925ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வாரியமாகத் தொடங்கப்பட்ட அமைப்பே பின்னர் இப்பெயர் பெற்றது. அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துக் கோப்பை, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய கல்வியாளர் சர் அசுதோஷ் முகர்ஜியின் பெயரைத் தாங்கியுள்ளது. 2020ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் கல்லூரி வீரர்களுக்கு மற்றொரு மேடையாயின.

கல்லூரி அணியில் ஆடுவதற்குத் திறமை மட்டும் போதாது. தகுதி விதிகளும் உள்ளன. ஆடுபவர் முழுநேர மாணவராக இருத்தல் வேண்டும். உரிய வயது வரம்புக்குள் இருத்தல் வேண்டும். ஒரே கல்வியாண்டில் இரு பல்கலைக்கழகங்களின் சார்பில் ஆடுதல் கூடாது. மாணவர் என்னும் பெயரில் வெளியாரை ஆடவைப்பதைத் தடுப்பதும், வெற்றிக்காக ஆண்டின் நடுவே ஆட்களை இழுப்பதைத் தடுப்பதும் இவ்விதிகளின் நோக்கங்கள். எனவே படிப்பை இடையில் விட்டு வேறு பல்கலைக்கழகத்திற்கு மாற விரும்பும் மாணவர், அம்மாற்றத்தால் தம் ஆடும் தகுதி ஓராண்டு தடைபடுமா என்பதை முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது.

இரண்டாம் வாயில்: கழகமும் ஒப்பந்தமும்

கழகக் கால்பந்தில் ஒரு வீரர் இடம்மாறுவது இரு வகைப்படும். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மாறுவது ஒன்று. காலம் முடியுமுன்னரே மாறுவது மற்றொன்று. முதல் வகையில் வீரர் தம் விருப்பப்படி வேறு கழகத்தில் சேரலாம். இரண்டாம் வகையில் பழைய கழகத்தின் இசைவு வேண்டும். அதற்கு ஈடாகப் புதிய கழகம் ஒரு தொகையைத் தரும். அதுவே மாற்றுத்தொகை எனப்படுகிறது. குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் வேறொரு கழகத்தில் ஆடிவிட்டுத் திரும்புவது இரவல் முறையாகும். இவை யாவும் ஆண்டு முழுவதும் நிகழ்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பதிவுக் காலங்கள் அறிவிக்கப்படும். அவற்றிற்குள் பதிவு செய்தாலன்றி வீரர் பொதுவாகப் புதிய கழகத்திற்காகக் களமிறங்க இயலாது.

இந்தியாவில் இவ்வழக்கத்தின் பழைய தலைநகர் கொல்கத்தா. மோகன் பகான் (1889), முகம்மதன் ஸ்போர்ட்டிங் (1891), ஈஸ்ட் பெங்கால் (1920) ஆகிய கழகங்களுக்கிடையே சிறந்த வீரர்களைப் பெறுவதில் கடும் போட்டி நிலவியது. 1893ஆம் ஆண்டு தோன்றிய இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் அலுவலகத்திற்கு வீரர் நேரில் வந்து கையொப்பமிடுவது வழக்கமாக இருந்தது. கையொப்ப நாள் நெருங்கும்போது, போட்டிக் கழகத்தார் அணுகிவிடாதவாறு வீரரை மறைவான இடத்தில் தங்கவைத்த நிகழ்வுகள் வங்காளத்தில் இன்றும் கதைகளாக வழங்குகின்றன.

அக்காலத்திலேயே தென்னகத்தோடு தொடர்புடைய வீரர்கள் களம் மாறிப் புகழ் பெற்றனர். பீட்டர் தங்கராஜ் அவர்களுள் தலையாயவர். இராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடியபோது அவர் முன்கள வீரராகத் தொடங்கிக் கோல்காப்பாளராக மாறினார். அவ்வணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டியூரண்ட் கோப்பையை வென்றது. பின்னர் அவர் கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்காகவும் ஆடினார். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற அவர், 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். 1967ஆம் ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார்.

சைமன் சுந்தரராஜின் வாழ்வு வேறொரு பாடத்தைத் தருகிறது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டிற்கு எதிராக அவர் அடித்த கோலே, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசிக் கோலாகும். ஆட்டக்காலம் முடிந்தபின் அவர் பயிற்சியாளரானார். கேரள அணி 1973ஆம் ஆண்டு முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவரே. ஒரு மாநிலத்தில் கற்ற ஆட்டம் அண்டை மாநிலத்தில் பயன் விளைத்ததற்கு இது சான்று.

1996ஆம் ஆண்டு தேசியக் கால்பந்து லீக்கும், 2007ஆம் ஆண்டு ஐ-லீக்கும், 2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக்கும் தொடங்கப்பட்டபின் மாற்றங்கள் விரைந்தன. தமிழகத்தின் இராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் கொச்சிக் கழகத்திற்காக ஆடி, மிகுதியான கோல்கள் அடித்தவராகத் திகழ்ந்தார். சென்னை சிட்டி கழகத்தில் ஐ-லீக் ஆடிய நந்தகுமார் சேகர் பின்னர் டெல்லி டைனமோஸ் கழகத்தில் சேர்ந்தார்; அக்கழகம் 2019இல் புவனேசுவரத்திற்குப் பெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனது. 2023இல் ஒடிசாவுடன் சூப்பர் கோப்பையை வென்ற அவர், அதே ஆண்டு ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். ஆகஸ்ட் 12 அன்று டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோல், அப்பெரும்போட்டியில் ஈஸ்ட் பெங்கால் நெடுநாள் காணாத வெற்றியைத் தந்தது.

கழகங்களின் நிலையும் நிலையற்றது என்பதை மாணவர் மறத்தலாகாது. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு 2019 மார்ச் 9 அன்று ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி கழகம், அடுத்த பருவத்திலேயே தன் முதன்மைக் கோல் வீரர் பெட்ரோ மான்சியை ஜப்பானியக் கழகத்திற்கு விட்டுக்கொடுத்தது. வெற்றி பெற்ற அணி கலைவதும், புதிய அணி உருவாவதும் தொழில்முறை ஆட்டத்தின் இயல்பாகும்.

உரிமையைப் பெற்றுத்தந்த வழக்கு

ஒப்பந்தம் முடிந்தபின் வீரர் தம் விருப்பப்படி செல்லலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை அவ்வாறில்லை. பெல்ஜியம் நாட்டின் ஜான் மார்க் போஸ்மான், லியேஜ் கழகத்துடன் தம் ஒப்பந்தம் முடிந்தபின் பிரான்சின் டன்கிர்க் கழகத்தில் சேர விழைந்தார். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பழைய கழகம் மாற்றுத்தொகை கேட்டதால் அம்மாற்றம் நடைபெறவில்லை. அவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரருக்காக ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே மாற்றுத்தொகை கேட்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். வீரர் ஓர் உடைமையல்லர், உழைப்பாளர் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. வழக்கில் வென்ற போஸ்மானின் ஆட்ட வாழ்வு அவ்வாண்டுகளிலேயே தேய்ந்துபோனது. பயனைப் பெற்றவர்கள் அவருக்குப் பின் வந்தவர்களே.

அமெரிக்காவிலும் இத்தகைய மாற்றம் அண்மையில் நிகழ்ந்துள்ளது. அங்குக் 'கால்பந்து' என வழங்கப்படுவது முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் வேறோர் ஆட்டம். பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் அவ்வாட்டத்தைப் பேரரங்குகளில் இலட்சக்கணக்கானோர் காண்கின்றனர். முன்பு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருத்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் மாற விரும்புவோர் தம் பெயரைப் பதியும் மின்தளம் தொடங்கப்பட்டது. 2021இல் ஒருமுறை காத்திராமல் மாறவும், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு அளித்துப் பொருளீட்டவும் மாணவ வீரர்கள் உரிமை பெற்றனர். 2024இல், கல்வித் தகுதியை நிறைவு செய்வோர் எத்தனைமுறை மாறினாலும் உடனே ஆடலாம் என விதி தளர்ந்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்தது. உரிமை பெருகியது நன்மையே. ஆயினும், மூன்றாண்டில் மூன்று பல்கலைக்கழகம் மாறும் ஒருவர் பட்டத்தை எங்கே, எப்போது முடிப்பார் என்னும் கவலையைக் கல்வியாளர்கள் அங்கு எழுப்புகின்றனர்.

வளர்த்தவர்க்குரிய பங்கு

வீரர் விரும்பிய இடத்திற்குச் செல்லலாம் எனில், அவரை வளர்த்த சிறு குழுக்களுக்கு என்ன கிடைக்கும்? வீரன் ஒருவனை உருவாக்குவதில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் எனப் பலர்க்கும் கடமையுண்டு என்பதைப் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் எடுத்துரைக்கிறது. அப்பலரின் உழைப்பை உலகக் கால்பந்தும் கணக்கில் கொண்டுள்ளது.

ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து வேறு நாட்டுக் கழகத்திற்கு மாற்றுத்தொகையுடன் செல்லும்போது, அத்தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படல் வேண்டும். இது ஒருமைப்பாட்டுப் பங்கு எனப்படும். 12 வயது முதல் 15 வயது வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் மாற்றுத்தொகையில் 0.25 விழுக்காடும், 16 வயது முதல் 23 வயது வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.5 விழுக்காடும் உரியன.

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்தொகை ஒரு கோடி ரூபாய் எனக் கொள்வோம். பகிரப்படும் மொத்தப் பங்கு 5 இலட்சம் ரூபாய்.
12-15 வயது: ஆண்டுக்கு 25,000 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு 1 இலட்சம் ரூபாய்.
16-23 வயது: ஆண்டுக்கு 50,000 ரூபாய், எட்டு ஆண்டுகளுக்கு 4 இலட்சம் ரூபாய்.
ஒரு சிற்றூர்க் கழகம் அவ்வீரரை 12 வயது முதல் 17 வயது வரை ஆறாண்டுகள் பயிற்றுவித்திருந்தால் அதற்குரிய பங்கு 2 இலட்சம் ரூபாய்.

இரண்டு இலட்சம் ரூபாய் பெருங்கழகத்திற்குச் சிறுதொகை. சிற்றூர்க் குழுவுக்கோ அது பல ஆண்டுகளுக்கான பந்தும் வலையும் காலணியும் ஆகும். ஆனால் இங்கு ஒரு தடை உள்ளது. இப்பங்கு, கால்பந்துச் சங்கத்தில் முறையாகப் பதிவுபெற்ற கழகங்களுக்கே உரியது. வீரரும் அக்கழகத்தின் பெயரில் அவ்வாண்டுகளில் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அறுவடை முடிந்த நிலத்தில் ஆறாண்டுகள் ஆட்டம் கற்பித்த அண்ணன்மார் குழு எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாவிடில் அதன் உழைப்பு கணக்கில் ஏறுவதில்லை. மாலைதோறும் தம் செலவில் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியரின் உழைப்பும் அவ்வாறே. சிற்றூர்க் குழுக்கள் ஒன்றுகூடிக் கழகமாகப் பதிவு பெறுதலும், இளையோரை உரிய வயதில் பதிதலும் ஊர்ப்பெருமைக்காக மட்டும் செய்யப்படுவன அல்ல. அவை அடுத்த தலைமுறைக்கான முதலீடாகும்.

மூன்றாம் வாயில்: வேலையும் ஆட்டமும்

தமிழகத்தில் நெடுங்காலம் கால்பந்தைத் தாங்கி நின்றவை தொடர்வண்டித் துறை, காவல்துறை, வங்கிகள் ஆகியவற்றின் அணிகளே. பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை அணியும் இந்தியன் வங்கி அணியும் பலருக்கு ஆட்டத்தையும் ஊதியத்தையும் ஒருங்கே அளித்தன. காலில் ஏற்படும் ஒரு காயம் ஒப்பந்தத்தை முடித்துவிடலாம். நிலையான பணி குடும்பத்தைக் காக்கும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கென இட ஒதுக்கீடும் வழங்கப்படுகிறது. அவ்வொதுக்கீட்டிலும் அந்தந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

மகளிர்க்கு இவ்வாயில் பேருதவியாக அமைந்துள்ளது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடியவர்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணிபுரிபவர். 2018ஆம் ஆண்டு தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றது. 2019இல் மதுரையின் சேது கழகம் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. 2023இல் தேசியப் பட்டம் மீண்டும் தமிழ்நாட்டிற்கு வந்தது. ஆடவர் ஆட்டத்தோடு ஒப்பிடுகையில் மகளிர் கழகங்களில் ஊதியமும் ஒப்பந்தக் காலமும் குறைவு. ஆதலின் பட்டமும் பணியும் மகளிர்க்குக் கூடுதல் அரணாகின்றன.

கையொப்பத்திற்கு முன்

மூன்று வாயில்களின் முன் நிற்கும் ரஞ்சன்குடி மாணவரிடம் மீண்டும் வருவோம். அவருக்கு இன்னும் 18 வயது நிரம்பவில்லை எனில், இந்தியச் சட்டப்படி அவர் தனித்து ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, 18 வயது நிரம்பாதவருடன் மூன்றாண்டுகளுக்கு மிகுந்த ஒப்பந்தம் செய்தல் கூடாது. மற்றவர்க்கு ஐந்தாண்டுகள் பொதுவான உச்ச வரம்பு. எனவே 'பத்தாண்டு எங்களோடு இருக்க வேண்டும்' என எவரேனும் தாளை நீட்டினால், அத்தாளில் கையொப்பமிடாதிருத்தலே அறிவுடைமை.

அவர் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்குரியது? ஊதியம் எந்நாளில் வழங்கப்படும்? காயமுற்றால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? தேர்வு நாள்களில் விடுப்பு உண்டா? அணியிலிருந்து நீக்கப்பட்டால் கல்லூரியின் கட்டணச் சலுகை தொடருமா? இவ்வினாக்களுக்கு எழுத்தில் விடை தருவோர் நம்பத்தக்கவர். வாய்மொழியாக மட்டும் உறுதி கூறுவோரிடம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு வயது கூடவோ குறையவோ காட்டச் சொல்லும் அறிவுரை, அப்போதைக்கு ஒரு போட்டியில் இடம் பெற்றுத் தரலாம்; கண்டறியப்படும் நாளில் முழு ஆட்டவாழ்வையும் பறித்துவிடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர் கழகத்தை என்றென்றைக்கும் இழப்பதில்லை. பட்டப்படிப்பு முடியும் இருபது, இருபத்தொரு வயதிலும் கழக வாயில் திறந்தே இருக்கும். படித்துக்கொண்டே உள்ளூர் லீக்கில் ஆடுவோரும் உளர். கழகத்தைத் தேர்ந்தெடுப்பவரும் தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டம் பெறலாம். ஆயின் முழுநேர மாணவராக இல்லாத அவர் பல்கலைக்கழக அணியில் ஆட இயலாது. ஒவ்வொரு தேர்வுக்கும் ஓர் இழப்பு உண்டு. அவ்விழப்பு யாதென முன்னரே அறிந்து தேர்பவர் பின்னாளில் எவரையும் பழிக்கமாட்டார்.

களம் மாறுதல் நன்றி மறத்தலன்று. தங்கராஜ் தாம் ஆடிய ஒவ்வோர் அணியின் கோலையும் தம் அணியின் கோலாகவே காத்தார். சுந்தரராஜ் தாம் கற்றதை அண்டை மாநிலத்திற்கும் வழங்கினார். ரஞ்சன்குடியிலிருந்து புறப்படும் மாணவர் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கடல்கடந்தோ செல்லலாம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாலையில், கோட்டையை அடுத்த வெற்று நிலத்தில் இரு கற்களுக்கிடையே நிற்கும் சிறுவனுக்கு அவர் பந்தை உதைத்துக் கொடுப்பாராயின், எந்த விதியும் வரையறுக்காத ஒருமைப்பாட்டுப் பங்கை அவர் தம் ஊருக்குச் செலுத்தியவராவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் விளையாட்டுக் குழு ஒன்றின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.
2. 'கல்லூரியா? கழகமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
3. மாற்றுத்தொகை 40 இலட்சம் ரூபாய் எனில், வீரரை 14 வயது முதல் 18 வயது வரை பயிற்றுவித்த கழகத்திற்குரிய பங்கைக் கணக்கிடுக.